சட்டைப் பையில் காய்ந்த மல்லி

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கப்பாண்டியன் அண்ணன் மாதிரி ஊமைக்கோட்டானை நான் பார்த்ததில்லை. பட்டாளத்திலிருந்து வந்து ராஜபாளையம் மில்லில் வாட்ச்மேனாக இருக்கிறார். சாப்பிட்டாச்சா என்று கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவார். அவரைக் கதாநாயகனாகப் போட்டு ஒருவர் படம் எடுத்துவிட்டார்!

பிளவக்கல் அணையில் ஷூட்டிங் நடந்தபோது கூட்டத்தை விலக்கப் போனவர் இவர். டைரக்டர் இவர் கண்ணைப் பார்த்துவிட்டு, வரவேண்டிய நடிகரையே வேண்டாம் என்றாராம். துரோகம் செய்துவிட்டுப் போன மனைவியின் நினைப்பிலேயே பித்தாகிப் போகிறவனின் கதை.

வீட்டில் வாய் திறக்காதவர் படத்தில் எவளுக்காகவோ உருகுகிறாராமே என்று அவர் மனைவி யுவராணி மதினிக்கு வயிறு எரிந்தது. ஏற்கெனவே துவைக்கும்போதெல்லாம் அண்ணனின் சட்டைப் பையில் காய்ந்த மல்லி கிடைக்கும். யார் தலைப் பூ என்று கேட்டால் வாசலைப் பார்ப்பார். வெளியே எவளோ இருக்கிறாள் என்று மதினி முடிவே கட்டிவிட்டாள்.

படம் வந்த அன்று மூன்று பேரும் போனோம். மதினி மடியில் துணிப்பை.

"படம் முடிஞ்சதும் வத்திராயிருப்புக்கு, எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள் என்னிடம். "அவிய அந்தப் பூ வச்சவளோட நல்லா இருக்கட்டும்."

திரையில் வெறும் வீடு. விடிகாலை. அண்ணன் கட்டிலருகே குனிந்து, தலையணையில் கிடந்த வாடிய மல்லியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். வசனமே இல்லை. விசிலடித்துக்கொண்டிருந்த தியேட்டர் மூச்சுவிடவில்லை. இந்த மனிதரா? இவ்வளவையும் எங்கே ஒளித்து வைத்திருந்தார்?

மதினி பக்கத்தில் இருந்த அண்ணனிடம் திரும்பினாள். "இப்படிச் செய்யணும்னு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல. லீவு முடிஞ்சு பட்டாளத்துக்குப் போறப்ப ஒன் தலகாணியில கெடக்குறத எடுத்துட்டுப் போவேன். பொறவு அதுவே பழகிப்போச்சு."

"நான் கேட்டப்பல்லாம் வாயில என்ன இருந்துச்சு?"

"வெக்கமா இருந்துச்சு." திரையைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்: "நம்ம ஊர்ல சூடிக் களைஞ்ச மாலைய சாமியே வாங்கிக்கிடுதாரு. நான் குப்பையில போடுவனா?"

அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

மதினி துணிப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"நான் போட்டுட்டேனே" என்றாள். "அம்புட்டையும் குப்பையிலதான் போட்டேன்."