வீடே, துணி துவை

என் தம்பி பெண்டாட்டிக்கு எங்கள் குடும்பத்தில் மைக் என்று பேர். பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலை அவளுக்கு. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எந்த மேடையிலிருந்து கிளம்பும் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூட்டை முடிச்சு, குழந்தை குட்டியோடு ஒரு கூட்டமே எழுந்து ஓடும். ஓய்வறையில் தூங்கும் டிரைவர்கள்கூட வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருவார்கள். அந்தக் குரல் வீட்டு வாசல்படி தாண்டியதும் எங்கே போகுமோ தெரியாது. "சாப்பிட வாங்க" என்று அவள் மாடியில் கூப்பிட்டு, கீழ்வீட்டிலிருக்கும் நான் எழுந்து போயிருக்கிறேன். தம்பி எழுந்ததில்லை.

தம்பி கெட்டவன் இல்லை. அடித்ததில்லை, திட்டியதில்லை, அவள் வேலைக்குப் போவதைத் தடுத்ததில்லை. இதையெல்லாம் அவனே மாதம் ஒருமுறை சொல்லிக்காட்டுவதால் எனக்கு மனப்பாடம். குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் அதிகாரி. அங்கே ஆண் பெண் சமத்துவத்துக்கு ஒரு குழு போட்டார்கள், தம்பிதான் தலைவர். குழுவில் இருந்த ஒரே பெண் டீக்குச் சொல்லிவிட்டு வரப் போயிருந்த நேரத்தில் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்களாம்.

அந்தப் பதவி வந்த சூட்டில்தான் ஒரு மெஷினை வாங்கினான். மெஷின் என்றால் ஒன்று இல்லை, ஒரு குடும்பம். சமையலறைச் சுவரில் மாட்டும் வட்டமான ஒரு பெட்டி. அது சொன்னபடி கேட்கும் துணி துவைக்கும் மெஷின், குக்கர், தரை பெருக்கும் ஒரு தட்டை வண்டி. எதிலும் பொத்தானே கிடையாது. பொத்தான் எல்லாம் பழைய காலமாம். "வீடே" என்று கூப்பிட்டு வேலையைச் சொன்னால் போதும். பெட்டி வந்த அட்டையின்மேல், ஒரு பெண் சிரித்தபடி அதனிடம் பேசுவதுபோல் படம் போட்டிருந்தது.

"உனக்காகத்தான் வாங்கினேன்" என்றான் தம்பி. பழைய துவைக்கும் மெஷினைக் கடையில் கொடுத்துக் கழித்துவிட்டும் வந்திருந்தான். என்னையும் மாடிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "வீடே, துணி துவை" என்றான். "ஆகட்டும் ஐயா" என்றது பெட்டி. தேன் ஒழுகும் பெண்குரல். மெஷினுக்குள் தண்ணீர் இறங்கியது.

பிறகு மைக் சொல்லிப் பார்த்தாள். "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது. மறுபடி சொன்னாள். மறுபடி மன்னிப்பு. தம்பி பக்கத்தில் நின்று பாடம் நடத்தினான்.

"பதட்டப்படாம பேசு. அடிவயித்துலேருந்து பேசணும். உன் குரல் கொஞ்சம் கீச்சுன்னு இருக்கு பாரு."

ஊரையே கிளப்பிவிடும் குரலுக்கு, குழாய்க் கம்பெனிக்காரன் பயிற்சி கொடுத்தான். நானும் சொல்லிப் பார்த்தேன். எனக்கும் மன்னிப்புத்தான் கிடைத்தது. பெண்குரலில் பதில் சொல்லும், ஆண்குரலை மட்டும் காதில் வாங்கும். எங்கள் வீட்டு வழக்கம் தெரிந்து செய்த மெஷின் என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாள் முட்டி மோதிவிட்டு மைக் விட்டுவிட்டாள். "எனக்கு அது கேக்க மாட்டேங்குது. நீங்களே சொல்லிடுங்க" என்றாள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. சோபாவில் சாய்ந்தபடி, மகாராஜா மாதிரி, "வீடே, துணி துவை" என்பான்.

மகாராஜாவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்த மெஷின் வாயாடி. வெள்ளைத் துணியா கலர் துணியா என்று கேட்கும். தண்ணீர் எவ்வளவு சூடு என்று கேட்கும். கதவு சரியாக மூடவில்லை என்னும். சோப்புத் தூள் தீர்ந்துவிட்டது என்னும். யார் குரல் ஆரம்பித்ததோ அந்தக் குரல்தான் பதிலும் சொல்ல வேண்டும். தம்பி முதலில் சோபாவிலிருந்தே கத்தினான். பிறகு எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். பிறகு எதற்கு இரண்டு நடை என்று அங்கேயே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டான். துவைத்த துணி தானாக நடந்து மொட்டைமாடிக் கொடிக்குப் போகாது என்ற அறிவியல் உண்மையையும் இந்த வயதில்தான் கண்டுபிடித்தான். "அக்கா, தலையணை உறையெல்லாம் இவ்வளவு அடிக்கடி துவைக்கணுமா?" என்று என்னிடம் வந்து கேட்டான். கல்யாணமானதிலிருந்து அவை தாமாகவே வெளுத்துக்கொண்டிருந்தன என்று எண்ணியிருப்பான் போல.

குக்கரும் அப்படியே. தண்ணீர் போதுமா, எத்தனை பேருக்கு, இப்போது அணைக்கலாமா. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். ஆனால் ஆபீசில் அவன் அதையும் காசாக்கினான். வீட்டு வேலையில் ஆண்களின் பங்கு என்று ஒரு பேச்சுப் பேசி, வீட்டில் நான்தான் துணி துவைக்கிறேன் என்றானாம். எழுந்து நின்று கை தட்டினார்களாம். ஒரு கோப்பையும் கொடுத்தார்கள். என் வாழ்நாளில் நான் துவைத்த துணிக்குக் கொடுக்க ஆரம்பித்தால் கோப்பை செய்கிற கம்பெனி திவாலாகிவிடும்.

மைக்குக்குச் சாயங்காலம் என்று ஒன்று கிடைத்தது. வேலை முடிந்து வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் என் வீட்டில் வந்து சும்மா உட்கார்ந்திருப்பாள். கை மட்டும் எதையாவது மடித்துக்கொண்டே இருக்கும். அப்போதுதான் பஸ் டிப்போவில் பெண்களுக்கும் பஸ் ஓட்டப் பயிற்சி தரப்போவதாகச் சொன்னார்கள். தினம் சாயங்காலம் வகுப்பு. கடைசியில் ஒரு டெஸ்ட். தேறினால் கூண்டை விட்டு இறங்கி டிரைவர் சீட்டில் உட்காரலாம்.

தம்பியிடம் கேட்டாள். "போயிட்டு வாயேன். வீட்ல சும்மாதானே இருக்க" என்றான். அவன் வாயால் அப்படி ஒரு வார்த்தை வரும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

ஒருநாள் நான் போய்ப் பார்த்தேன். டிப்போ மைதானத்தில் அவள் அந்தப் பெரிய வண்டியை இரண்டு கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸிலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். இறங்கி வந்தபோது முகமெல்லாம் எண்ணெயும் வேர்வையும்.

"அண்ணி, இதுகிட்ட பேசவே வேணாம். காலால அழுத்தினா நிக்குது, கையால திருப்பினா திரும்புது. நான் யாருன்னு கேக்கவே மாட்டேங்குது" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லிக்கொடுப்பவர் கறாரானவர், தொடர்ந்து வராதவர்கள் பேரை அடித்துவிடுவார். அவள் ஒரு வகுப்பையும் விடவில்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் என் தம்பிதான். பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் அவன் ஆபீசுக்கு வந்திருக்கிறாள். வீட்டுக்குள் வரும் மெஷின்களோடு பெண்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்பது அவள் ஆராய்ச்சி. தம்பி விடுவானா? எங்கள் வீட்டை வந்து பாருங்கள், மாதிரி வீடு என்று அழைத்துவந்துவிட்டான்.

அந்தப் பெண் நல்ல பெண். கையில் ஒரு டேப்லெட், கண்ணில் அக்கறை. மைக்கைப் பேசச் சொன்னாள். "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது பெட்டி. ஆராய்ச்சிக்காரி முகம் சிவந்துவிட்டது. இந்த மெஷினுக்குப் பேச்சுப் பழக்கியவர்கள் பூராவும் ஆண் என்ஜினியர்களாம். தங்கள் குரலையே போட்டுப் பழக்கிவிட்டு, பெண்குரல் தெளிவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்களாம்.

"உங்க வீட்டுலயே உங்க குரலுக்கு இடம் இல்ல. ரொம்பக் கஷ்டமா இருக்குமே அக்கா?" என்றாள்.

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் ஆனது மைக்குக்கு. "ஆமா... கஷ்டந்தான்" என்றாள் தரையைப் பார்த்து. தம்பி துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனதும்தான் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இத எழுதினா கம்பெனிக்காரங்க சரி பண்ணிடுவாங்களா?"

"கண்டிப்பா பண்ண வெச்சிடுவோம்."

"கொஞ்சம் மெதுவா பண்ணச் சொல்ல முடியுமா? எனக்கு டெஸ்ட் இருக்கு."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. நான்தான் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு டேப்லெட்டைக் கீழே வைத்தாள். தன் கேள்விகளில், மெஷின் பெண்ணின் பேச்சைக் கேட்கிறதா என்று இருக்கிறதே தவிர, கேட்டால் வேலை யார் தலையில் விழும் என்று இல்லை என்றாள்.

"ஆனா எழுதாம இருக்க முடியாதுக்கா. இதே பெட்டி மாட்டின வீட்டுல ஒரு டீச்சர் தனியா இருக்காங்க. அவங்க சொன்னா லைட்டுகூட எரிய மாட்டேங்குது. இருட்டுல உக்காந்திருக்காங்க."

மைக் அந்த டேப்லெட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பிறகு, "எழுதுங்க. மெதுவால்லாம் வேணாம்" என்றாள். எனக்கு அந்த முகம் தெரியாத டீச்சர்மேல் கோபம் வந்தது, அதற்கு என்ன செய்வது.

கம்பெனிக்காரர்கள் மற்ற எதற்கும் காட்டாத வேகத்தை இதற்குக் காட்டினார்கள். பேப்பரில் வந்துவிடும் என்ற பயம். டெஸ்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மெக்கானிக் வந்து நின்றான். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசுக்கு லீவு போட்டான். என்னையும் மாடிக்கு இழுத்துவந்தான். மைக் வகுப்புக்குக் கிளம்பிப் பையைத் தோளில் மாட்டியிருந்தாள், அப்படியே நிற்கவைத்தான்.

மெக்கானிக் பெட்டியில் எதையோ ஏற்றிவிட்டு, "பேசுங்கம்மா" என்றான்.

"வீடே, துணி துவை" என்றாள் மைக். அடிவயிற்றிலிருந்து இல்லை, சாதாரணமாக.

"ஆகட்டும் அம்மா. வெள்ளைத் துணியா, கலர் துணியா?"

தம்பி கை தட்டினான். அந்த நாற்காலியை இழுத்து ஓரமாகப் போட்டான். "அப்பாடா. இப்பதான் இந்த வீட்டுல நிஜமான சமத்துவம். இனிமே எல்லாத்தையும் நீயே பாத்துக்கலாம். என்னை எதிர்பாக்கவே வேணாம்" என்றான். அதை அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. பரிசு கொடுக்கிற முகத்தோடு சொன்னான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மைக் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் அவளுக்கு ஒரு சாக்கு இருந்தது, மெஷின் கேட்க மாட்டேன் என்கிறது என்று. இப்போது அதுவும் போய்விட்டது. இனிமேல் எதையும் அவளே வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. சரி, இவள் பையை இறக்கிவைத்துவிடுவாள், கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

அவள் மெக்கானிக்கைப் பார்த்தாள்.

"ஏம்பா, என் குரல் ஏத்தினதால இவர் குரல் அதுக்குக் கேக்காம போயிடுச்சா?"

"அதெப்படிம்மா போகும்? ரெண்டு பேர் சொன்னாலும் கேக்கும்."

"இவர் சொன்னாலும் துவைக்கும்?"

"முன்னாடி மாதிரியேதாம்மா."

"அப்ப சரி" என்றாள். தம்பி பக்கம் திரும்பினாள். "எனக்குச் சாயங்காலம் வேணும். டெஸ்ட் வரைக்கும் மட்டும் இல்ல, அப்புறமும் வேணும். நான் வர்றேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். பெட்டி பதிலுக்காகக் காத்திருந்துவிட்டு ஓய்ந்துபோனது. மெக்கானிக் கையெழுத்துக்காக எதையோ நீட்டினான்; தம்பி வாங்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். ஆயிரம் இருந்தாலும் கூடப்பிறந்த அக்கா, தன் பக்கம் நாலு வார்த்தை பேசுவேன் என்று நினைத்திருப்பான்.

"வெயில் இருக்கும்போதே துணியைப் போடுடா. காயணும்ல" என்றேன்.