பச்சை எட்டிப் பார்த்த ஜீப்

என் கணவர், ஆமி என்று நாங்கள் சொல்லும் இராணுவத்தின் பழைய லாண்ட் ரோவர் ஒன்றை ஏலத்தில் எடுத்தபோது எங்கள் பக்கம் சண்டை தொடங்கவில்லை. பச்சைக்கு மேல் வெள்ளை அடித்து, மாங்குளம் சந்தியில் வாடகைக்கு ஓட்டினார். ஊரில் அதை ஜீப் என்றுதான் சொன்னார்கள். எந்தச் சேற்றுப் பாதையிலும் போகும் என்று அவருக்கு ஒரே பெருமை. எனக்கு முதல் நாளிலிருந்தே அதைக் கண்டாலே பிடிக்காது.

எண்பதுகளின் நடுவில், அதன் சத்தம் கேட்டாலே ஆமி வருகிறதென்று சனம் காட்டுக்குள் ஓடத் தொடங்கியது. கதவோரத்தில் வெள்ளை உரிந்து பச்சை வேறு எட்டிப் பார்த்தது. சனத்தில் என்ன பிழை? சேலை கட்டிய மனுசி ஒருத்தி முன்னால் இருந்தால் பயப்படமாட்டார்கள் என்று இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு உலை கொதிக்கும்போதும் என்னை முன் சீற்றில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஒரு மத்தியானம், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்று கார் கேட்டு ஆளனுப்பியது. மகளுக்குப் பிரசவ வலியாம். நாங்கள் போனபோது முற்றத்தில் ஈ காக்கையைக் காணவில்லை. அடுப்பில் வெந்நீர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. கார் வருமென்று பார்த்திருந்தவர்கள், ஜீப் சத்தம் கேட்டதும் வலியோடிருந்த பெண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

இவர் நின்று கூப்பிட்டுப் பார்த்தார். ஓர் இலைகூட அசையவில்லை. தமிழில் கூப்பிட ஆமிக்காரனுக்கும் தெரியும்தானே. எனக்கு வந்த கோபத்தில் இவர் பக்கம் திரும்பினேன்.

"இந்தச் சனியன் வேண்டாமெண்டு தலையால அடிச்சுச் சொன்னனானெல்லோ? ஆருடைய கதையைக் கேட்டனீங்கள்? பெயின்ற் எண்டாலும் ஒழுங்கா அடிச்சனீங்களே? அந்தப் பிள்ளை இப்ப எந்தப் பத்தைக்குள்ள கிடந்து துடிக்குதோ!"

இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பற்றைப் புதருக்குள் யாரோ சிரித்தார்கள். ஆமிக்காரனை இப்படி யார் ஏசுவார்கள்? ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அந்தப் பெண் புருசனின் தோளில் சாய்ந்தபடி வந்து ஜீப்பில் ஏறினாள். ஏறியதும் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நிறுத்தாதீங்க. இன்னும் ஏசுங்க. எங்கம்மா ரொம்பத் தூரம் ஓடிருச்சு. இன்னும் வரல."

ஏசுவதற்கு என்னிடம் மிச்சமில்லை. அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே, இவர் செய்ததையும் செய்யாததையும் சேர்த்துக் காடு கேட்க ஏசினேன்.

கடைசியில் தாய் வந்தா. கால் முழுக்க முள் கிழித்திருந்தது. நெஞ்சோடு ஒரு துணிப்பொட்டலம். உயிருக்குப் பயந்து ஓடும்போது வீட்டிலிருந்து அவா எடுத்தது, பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று தோய்த்து மடித்த பழஞ்சேலைத் துண்டுகளை மட்டும்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முதலே அந்த ஜீப்புக்குள் பிறந்த பிள்ளையை அந்தத் துண்டுகளில்தான் சுற்றினோம்.