ஐம்பத்து நாலாவது வண்டி

தாஹிராவுக்கு மாநகராட்சிப் பள்ளியில் வேலை கிடைத்தபோது வயது முப்பத்தொன்பது. ஆசிரியர் பயிற்சி முடித்து, கல்யாணம் முடித்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, தகுதித் தேர்வில் தேறி, ஆணை வருமா வராதா என்று பத்து வருஷம் காத்திருந்தவள். அதுவரை வண்ணாரப்பேட்டையில் தெருவுக்குத் தெரு தனியார் பள்ளிகளில் கிடைத்த சம்பளத்துக்குப் பாடம் நடத்தினாள். கடைசியில் தண்டையார்பேட்டையில் ஒரு தொடக்கப் பள்ளி, மூன்றாம் வகுப்பு, இருபத்திரண்டு பிள்ளைகள். சேர்ந்த அன்று எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிப் போனாள்.

மிட்டாய் தின்ற உற்சாகம் முதல் பாடத்திலேயே வடிந்தது. பள்ளி வாசலை ஒட்டித்தான் துறைமுகத்துக்குப் போகும் சாலை. கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஒவ்வொன்று கடக்கும்போதும் ஜன்னல் கம்பி அதிரும். தாஹிரா வாயை மூடிக்கொண்டு நிற்பாள். வண்டி போனதும் விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பாள். மூன்று வாரமாகக் கடன் வாங்கிக் கழித்தலை நடத்துகிறாள். நாற்பத்திரண்டில் பதினேழு போனால் என்ன என்று கேட்டால் பாதிப் பேர் முகட்டைப் பார்த்தார்கள்.

ஒருநாள் அப்படி அவள் நின்றிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டீச்சர், இது பதினாலாவது தபா."

ரமாபாய். வாரத்தில் மூன்று நாள் வந்தாலே பெரிது. எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறுவதால், அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளில் கீழான 'அரும்பு' நிலையில் உட்கார வைக்கப்பட்டிருந்தவள்.

"இன்னா பதினாலாவது?" என்றாள் தாஹிரா. கோபத்தில் அவளுக்கும் பிறந்த ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"நீங்கோ பேச்ச நிறுத்தினது. பெல் அடிச்சதுலேர்ந்து எண்ணிகினு கீறேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தாஹிராவுக்கு முதலில் சுருக்கென்றது. அப்புறம் யோசித்தாள். கழித்தல் வராது என்று தான் முடிவு கட்டிய பெண், ஒரு பாடவேளை முழுக்க, சத்தத்துக்கு நடுவில், விரல் மடக்கி, ஒன்றுகூட விடாமல் எண்ணியிருக்கிறாள்.

"சரி. வர்ற வியாழக்கெழம நாம எல்லாருமே எண்ணலாம்," என்றாள்.

அப்படித்தான் வியாழக்கிழமைக் கணக்கு தொடங்கியது. மாடி ஜன்னலோரம் நான்கு குழுக்கள். நான்கு வண்டிக்கு நான்கு கோடு. ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒரு கோடு. பார்க்க இரும்புக் கேட் மாதிரி இருந்ததால் அதற்குப் பிள்ளைகள் 'கேட்டு போடறது' என்று பெயர் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை கைவேலை: காலித் தீப்பெட்டிகளில் வண்ணத்தாள் சுற்றினால் கன்டெய்னர். ஒரு வண்டிக்கு ஒரு பெட்டி என்று வகுப்பறைச் சுவரில் வாரத்துக்கு ஒரு வரிசை ஏறியது. போன வாரம் நாற்பத்தொன்பது, இந்த வாரம் ஐம்பத்தெட்டு, எத்தனை கூடுதல்? எட்டில் ஒன்பது போகாது. பக்கத்துப் பத்தில் ஒன்றை வாங்கு. சுவரைத் தொட்டுத் தொட்டுக் கழித்தார்கள். ஒரு மாதத்தில் கழித்தல் வராதவர் என்று மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். ரமாபாய் அதில் இல்லை. ஒருநாளும் லீவு போடவும் இல்லை.

தலைமையாசிரியர் ராசையா வந்து பார்த்துத் தலையில் கைவைத்தார். "இப்பத்தாம்மா செவுத்துக்கு வெள்ளையடிச்சோம்."

"பாடம்தான் சார் ஒட்டியிருக்கு," என்றாள் தாஹிரா. அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ஐந்தாவது வாரம், காலையில் வாசலுக்கு எதிரே சாலையைக் கடக்கையில் அவள் வகுப்புப் பெண் நவ்ரீனின் தண்ணீர் பாட்டில் கைநழுவி உருண்டது. நவ்ரீன் குனிவதற்குள் ரமாபாயின் அம்மா கெங்கம்மா சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். டிரெய்லர் போன பிறகு பாட்டில் அப்பளமாகக் கிடந்தது. நவ்ரீன் அழவில்லை, அதைக் கையில் எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். தாஹிராவால் அன்று காலை வருகைப் பதிவைக்கூட எடுக்க முடியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எண்ணும் நேரத்தை மாற்றினாள்: எட்டரையிலிருந்து ஒன்பதேகால் வரை, பிள்ளைகள் பள்ளிக்குள் வரும் நேரம். எட்டேகாலுக்கே இருபத்திரண்டு பேரும் ஜன்னலில் இருந்தார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கெங்கம்மா எழுந்தாள்.

"சார், நாங்க வாயால சொல்லிச் சொல்லி பேஜாராப் பூட்ச்சு. பசங்க ஒட்டி வச்சிகீறத வந்து பாக்கச் சொல்லுங்கோ."

பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் டிரெய்லர்களை நிறுத்தச் சொல்லிப் போக்குவரத்துக் காவலுக்குக் குழு தீர்மானம் எழுதியது. அதோடு பிள்ளைகள் எழுதிய கடிதமும் வாராவாரக் கணக்கும் போயின. இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம், போக்குவரத்து ஆய்வாளர் அப்பாவு நேரிலேயே வந்துவிட்டார். தீப்பெட்டி வரிசைகளை நெடுநேரம் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் சொன்னது வேறு.

"நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா கொழந்தைங்க எண்ணினத வச்சு நான் மேல எப்படி எழுதறது? நம்புவாங்களா?"

அதிகாரிகளோடு எதிர்வார்த்தை பேசி தாஹிராவுக்குப் பழக்கமில்லை.

"நாளைக்கு வியாழக்கெழம சார்," என்றாள். "நீங்களும் வந்து எண்ணுங்க."

அவர் வந்தார். கீழே வாசலில் ஒரு காவலரைக் குறிப்பேட்டோடு நிறுத்திவிட்டு, மாடியில் பிள்ளைகளின் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒன்பதேகால் மணியடித்தது.

"அம்பத்தி மூணு," என்றார்.

நான்கு குழுக்களும் தாளை நீட்டின. நான்கிலும் ஐம்பத்து நாலு.

"பாத்தீங்களா டீச்சர், ஒண்ணு கூட எண்ணிட்டாங்க."

தாஹிரா வாய் திறக்குமுன் ரமாபாய் அவர் முன்னால் வந்து நின்றாள். "இல்ல சார். நீங்கோ போன்ல பேசிகினு இருந்தீங்கல்ல, அப்ப ஒரு பச்ச வண்டி பூட்ச்சு. பஸ்ஸுக்கு அந்தாண்ட."

ஆய்வாளர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார். "உங்கிட்ட எவ்ளோப்பா?"

கீழிருந்து பதில் வந்தது: "அம்பத்தி நாலுங்க ஐயா!"

அப்போது எழுந்த கூச்சலில் தெருவில் போனவர்கள் நின்று மேலே பார்த்தார்கள். நவ்ரீன் பெஞ்சுமேல் ஏறிக் குதித்தாள். ராசையா தன் பதவியை மறந்து கைதட்டினார். ஆய்வாளர் பேனாவைத் திறந்து தன் தாளில் மூன்றை அடித்து நாலு என்று திருத்தினார். பிறகு ரமாபாயிடமே அதை நீட்டி, "சரியா போட்டிருக்கேனாம்மா?" என்று கேட்டார். அவள் பார்த்துத் தலையாட்டினாள்.

பதினொரு நாளில் பலகை வந்தது. காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை, மாலை மூன்றரையிலிருந்து நாலரை வரை அந்தச் சாலையில் கனரக வாகனங்களுக்கு அனுமதி இல்லை. வாசலில் ஒரு காவலரும் நின்றார். அந்த வியாழக்கிழமை முக்கால் மணி நேரம் ஜன்னலில் காத்திருந்து, ரமாபாய் கரும்பலகை கொள்ளாத அளவுக்கு ஒரு பூஜ்யம் போட்டாள்.

"பூஜ்யத்துக்கு எத்தினி பொட்டி ஒட்டணும் டீச்சர்?" என்று நவ்ரீன் கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம்டி கண்ணு," என்ற தாஹிரா, கண்ணைத் துடைப்பது தெரியாமலிருக்க அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பருவ முடிவில் ரமாபாய் அரும்பிலிருந்து மொட்டைத் தாண்டி மலருக்குப் போனாள். மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்கான கூட்டத்தில் தீப்பெட்டிக் கணக்கைப் பற்றிப் பேசச் சொல்லி தாஹிராவைக் கூப்பிட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக மேடையேறினாள். இருபது நிமிஷம் கேட்டதற்கு நாற்பது நிமிஷம் பேசினாள்.

வகுப்பில் இப்போது வேறு தகராறு. வியாழக்கிழமை எதை எண்ணுவது? காக்கா என்றது ஒரு குழு. மீன்பாடி வண்டி என்றது இன்னொன்று. ரமாபாய் எழுந்து, "நம்ம ஸ்கூல்ல தண்ணி வராத பைப்புங்கள எண்ணலாம் டீச்சர்," என்றாள்.

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த ராசையா அப்படியே நின்றார். கதவில் தலையை நீட்டி, "வேணாம்மா, வேணாம், இன்னிக்கே ப்ளம்பர வரச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையில் செல்போனைத் தேடியபடி வேகமாக அறைக்குப் போனார்.