மச்சான் தூங்கட்டும் என்று விட்ட ஒன்றே முக்கால் மணி நேரம்

இந்த வலைப்பூவை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் நேரத்திலும் தூரத்திலும் கறாரான ஆள். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். பஸ் கிளம்பிய நேரம், டீ குடித்த நேரம் எல்லாம் அதில் ஏறிவிடும். செங்கல்பட்டில் அரசு அலுவலக எழுத்தர் வேலை பார்ப்பவனுக்கு இது ஒரு வியாதி மாதிரி. வேடந்தாங்கல் கட்டுரையில் எந்தப் பறவை எத்தனை மணிக்கு ஏரிக்குத் திரும்பியது என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'பறவைக்கும் வருகைப் பதிவேடு வைப்பீர்களா சார்?' என்று கேட்டிருந்தார்.

இந்தக் கட்டுரையிலும் நேரம், தூரம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் திட்டம் போட்டுப் போகிற பயணம் அல்ல இது. இப்படி ஒரு பயணம் உங்களுக்கு வராமல் இருக்கட்டும். வந்தால், நான் செய்ததைச் செய்யாமல் இருப்பதற்காக எழுதுகிறேன்.

2007-ஆம் வருடம் பிப்ரவரி மாதத்தில் ஒரு ஞாயிறு. என் தங்கை செல்வியின் கணவர் தனசேகர், வயது நாற்பத்து மூன்று, மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் ஆபரேட்டர். நானும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு ஞாயிறு விடுமுறை கிடைப்பது அபூர்வம். கிடைத்த ஞாயிற்றுக்கும் முந்தைய நாள் இரவு ஷிஃப்ட். 'தூங்காமல் எப்படி வருவீர்கள்?' என்று கேட்டதற்கு, 'கடல் காத்துல தூங்கிக்கிறேன் மச்சான், நீ வண்டியச் சொல்லு' என்றார். பாபு என்ற டிரைவரின் வேனை நாள் வாடகைக்குப் பேசினேன்.

காலை 6.50-க்குத் தொழிற்சாலை வாசலில் அவரை ஏற்றிக்கொண்டோம். பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே வந்து 7.20-க்குச் செங்கல்பட்டில் செல்வியை ஏற்றினோம். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் பதினான்கு கிலோமீட்டர். ஏரி ஓரமாகப் போகும் அந்தச் சாலை காலை நேரத்தில் நன்றாக இருக்கும். 8.00 மணிக்குத் திருக்கழுக்குன்றத்தில் நாஸ்தா. மச்சான் நாலு இட்லியும் ஒரு பொங்கலும் சாப்பிட்டார். நான் நோட்டை எடுத்ததும், 'இன்னா மச்சான், வடைக்கு எத்தினி ஓட்டைன்னும் எழுதிக்கினியா?' என்றார். சர்வர் உட்பட எல்லோரும் சிரித்தோம். அவர் முழு வாக்கியமாகப் பேசி நான் கேட்டவற்றில் கடைசியாக மனதில் நிற்பது அதுதான்.

9.20-க்கு மாமல்லபுரம். கடற்கரைப் பக்கம் சவுக்கு மரங்களின் நிழலில் பாபு வேனை நிறுத்தினான். செல்வி சங்கு, சிப்பிக் கடைகளைப் பார்க்கப் போய்விட்டாள். நானும் மச்சானும் டீக்கடைக்குப் போனோம். 9.50-க்கு அவர் கையிலிருந்த கிளாஸ் நழுவிக் கீழே விழுந்தது. வலது கை. கடைக்காரரிடம் அவர் ஏதோ சொன்னார். 'மன்னிச்சுக்கோ' என்பது மாதிரி ஆரம்பித்து, கஞ்சி மாதிரி குழைந்து போனது. எனக்குச் சிரிப்பு வந்தது. நோட்டில் எழுதினேன்: '9.50, டீ. மச்சான் தூக்கத்தில் கிளாஸை உடைத்தார், உளறல்.' பதிவில் போட்டால் ரசிப்பீர்கள் என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மறைமலைநகர்க் கம்பெனி பஸ்களில் இரவு ஷிஃப்ட் முடிந்து வருபவனை யாரும் எழுப்ப மாட்டார்கள். தலை பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்தாலும், வாய் திறந்து எச்சில் ஒழுகினாலும் அப்படியே விடுவார்கள். அவன் இறங்க வேண்டிய இடத்தில்தான் தட்டுவார்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் மெஷினில் விரல் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். ஷிஃப்ட் ஆள் படுத்தால் ரேடியோ கூட வாயை மூடிக்கொள்ளும்.

அதனால் நானும் மரியாதையாக நடந்துகொண்டேன். காலை இழுத்து இழுத்து நடந்தவரைத் தாங்கிப் பிடித்து, 9.55-க்கு வேனின் பின் சீட்டில் படுக்க வைத்தேன். வெளிச்சம் கண்ணில் படாமல் முகத்தில் துண்டைப் போட்டேன். பாபுவிடம், 'நைட் ஷிஃப்ட் ஆளுப்பா, எழுப்பாதே' என்றேன். 10.30-க்கு ஒரு தடவை வந்து பார்த்தேன். துண்டு கீழே கிடந்தது. காற்றில் விழுந்திருக்கும் என்று எடுத்து மறுபடியும் முகத்தில் போட்டுவிட்டுக் கடற்கரைக் கோயிலைப் பார்க்கப் போனேன். அன்று எடுத்த பதினேழு படங்களும் என்னிடம் இருக்கின்றன. எதையும் வெளியிடப் போவதில்லை.

11.40-க்குச் செல்வி சாப்பிடக் கூப்பிடலாம் என்று துண்டை எடுத்தாள். அவள் போட்ட சத்தத்தில் நான் ஓடிவந்தேன். மச்சானின் வாய் இடது பக்கமாகக் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது. வலது கையைத் தூக்கி விட்டால் மரக்கட்டை மாதிரி விழுந்தது.

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சோடாவை உடைத்து வாயில் ஊற்ற வந்தார். இன்னொருவர், பக்கத்து ஊரில் புறா ரத்தம் தேய்த்துவிடுகிறவர் இருக்கிறார், எத்தனையோ பேருக்குக் கைகால் வந்திருக்கிறது என்றார். செல்வி என் முகத்தைப் பார்த்தாள். போகலாமா என்றுதான் அந்தப் பார்வை. பாபுதான் முடிவு செய்தான்.

"அண்ணாத்த, இது வாதம். எங்க மாமனாருக்கு இப்டித்தான் வாய் கோணிக்கிச்சி. ரத்தம் தேச்சிக்கினே கெடந்தோம், ஆளு படுத்த படுக்கையா கீறாரு. சோடாவும் வாணாம், ஒண்ணும் வாணாம். ஏறு."

"செங்கல்பட்டுக்குப் போயிடலாம்பா. தெரிஞ்ச ஊரு" என்றேன்.

"தெரிஞ்ச ஊரை வெச்சிக்கினு இன்னா பண்ற? மூளை டாக்டரு ஞாயித்துக்கெழமையும் மெட்ராஸ்லதான் இருப்பாரு. ஈசிஆர்ல வுட்டா ஒரு அவருக்குள்ள பூடலாம்."

11.50-க்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பினோம். மாமல்லபுரத்திலிருந்து மெட்ராஸில் பாபுவுக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி வரை நாற்பத்தெட்டு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எதிரே கடற்கரைக்கு வரும் கார்கள் வரிசையாக இருந்தன. சுங்கச் சாவடியில் நாலு நிமிடம் போனது. செல்வி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தாள். 12.55-க்கு அவசரப் பிரிவு வாசலில் நின்றோம். பாபு ஓட்டிய அந்த அறுபத்தைந்து நிமிடத்துக்கு நான் எப்படி நன்றி சொன்னாலும் காணாது.

1.20-க்குள் தலை ஸ்கேன் முடிந்தது. மூளையில் ரத்தக் கசிவு இல்லை, இடது பக்க ரத்தக் குழாய் ஒன்று அடைத்திருக்கிறது என்றார் பணியில் இருந்த டாக்டர். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டார். ஷிஃப்ட் மாறுகிற வாரங்களில் மறந்துவிடுவார் என்றாள் செல்வி.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதும்மா? சரியா சொல்லணும்."

"பதினொண்ணே முக்காலுக்கு மேடம். நான்தான் பாத்தேன்."

"அப்போ நேரம் இருக்கு. மூணு மணி நேரத்துக்குள்ள வந்தா கட்டியைக் கரைக்கிற ஊசி போடலாம். உடனே போட்டுடறோம்."

செல்வி பொய் சொல்லவில்லை. அவள் பார்த்தது அந்த நேரத்தில்தான். நிஜம் என் சட்டைப் பையில் இருந்தது. டாக்டர் சொன்ன கணக்கை நான் மனதில் போட்டுப் பார்த்தேன். 9.50-லிருந்து என்றால் மூன்றரை மணி நேரம். சொன்னால் ஊசி இல்லை. சொல்லாவிட்டால் ஊசி உண்டு, நான் சிரித்ததும் துண்டு போட்டதும் யாருக்கும் தெரியவும் போவதில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: நான் பேசாமல் நின்றேன். நர்ஸ் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு வரும் வரை நின்றேன். என் வாழ்க்கையில் நேரம் குறித்துக்கொள்ளாத ஒரே இடம் அதுதான்.

"மேடம், ஒன்பது அம்பதுக்கே கை நழுவிச்சி. பேச்சும் கொழறிச்சி. நான் தூக்கம்னு நெனச்சிட்டேன்" என்று நோட்டை நீட்டினேன்.

டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். நர்ஸை நிறுத்தச் சொன்னார். "நேரம் தாண்டி இந்த ஊசியைப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியற ஆபத்து அதிகம் சார். உயிரே போயிருக்கலாம்" என்றார். குரலில் கோபம் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகு வேறு வழி ஒன்றைச் சொன்னார். தொடை இடுக்கில் இருக்கும் ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, கழுத்தைத் தாண்டி மூளை வரை கொண்டு போவார்களாம். அடைப்பு இருக்கும் இடத்திலேயே மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கம்பியால் கட்டியைக் கலைப்பார்களாம். இதற்கு ஆறு மணி நேரம் வரை முயற்சி செய்யலாம் என்றார். அதாவது 3.50 வரை. செய்யத் தெரிந்த டாக்டர் வீட்டில் இருக்கிறார், கூப்பிடுகிறேன், பலன் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். செல்வி கையெழுத்துப் போட்டாள்.

2.25-க்கு உள்ளே கொண்டுபோனார்கள். வராந்தாவில் செல்வி என் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர் பெஞ்சில் இருந்து ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"பத்து மணிக்கு முன்னாடியேவாண்ணா?"

"ஆமாம்மா."

3.40-க்குப் பெரிய டாக்டர் வெளியே வந்தார். குழாய் முக்கால்வாசி திறந்துவிட்டது, ஆனால் மூளையில் ஒரு பகுதி ஏற்கெனவே பட்டுப்போய்விட்டது, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். சீக்கிரம் வந்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கேட்டேன். 'இன்னும் நல்லா இருந்திருக்கும். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது' என்றார். ஆறு மணி வாக்கில் செல்வி ஒரு காபி கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அப்போதுதான் அழுதேன்.

மூன்றாம் நாள் வலது கால் அசைந்தது. ஒரு மாதத்தில் பிடித்துக்கொண்டு நடந்தார், நாலு மாதத்தில் பிடிக்காமல். கை வரவில்லை. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது, பேச்சு மட்டும் ஒற்றைச் சொல்லாக வருகிறது. 'சரி', 'போ', 'செல்வி', இன்னும் சில. தொழிற்சாலையில் மெஷினிலிருந்து எடுத்து ஸ்டோர் பக்கம் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

டிசம்பரில் ஒரு நாள் மாமல்லபுரம் விளம்பரம் ஒன்றைக் கையால் காட்டி, 'போ, போ' என்றார். அடுத்த ஞாயிறு அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். செல்வியும் வந்தாள். செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் 8.15 பஸ், இருபத்தொன்பது கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். அவருக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. கடற்கரையில் அவர் இடது கையால் டீ குடித்தார், சிந்தாமல். நான் பிப்ரவரியிலிருந்து மனதில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடுங்கள் மச்சான், நீங்கள் தூங்குகிறீர்கள் என்று நினைத்துவிட்டேன் என்றேன்.

அவர் டீ கிளாஸை மணலில் வைத்தார். இடது கையை முகத்தின் மேல் விரித்து மூடி, அதே கையால் எதையோ பிடுங்கிக் கீழே எறிவது போலச் செய்தார். எனக்கு உடனே புரியவில்லை. இன்னொரு தடவை செய்தார். உதடு இரண்டு மூன்று முறை திறந்து மூடியது.

"தூ... தூங்கல."

துண்டை எறிந்தது காற்று இல்லை. 10.30-க்கு அவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார், தன்னிடம் மிச்சமிருந்த ஒரே வழியில். நான் அதை எடுத்து மறுபடி முகத்தில் போட்டு மூடிவிட்டுக் கோயில் பார்க்கப் போயிருக்கிறேன். செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மச்சான் என் தோளில் கையைப் போட்டு, 'சரி' என்றார். அவரிடம் இருக்கும் சொல்லில் அது ஒன்று, அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவு இல்லை.

இனி, உங்களுக்குச் சொல்ல வேண்டியது. கூட வந்தவர் கையிலிருந்து பொருள் நழுவினால், வார்த்தை குழறினால், வாய் கோணினால், அது வெயிலோ தூக்கமோ என்று யோசித்து நேரம் கடத்தாதீர்கள். சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் தண்ணீர், சோடா எதையும் ஊற்ற வேண்டாம். தலை ஸ்கேனும் குழாய் விட்டு அடைப்பு நீக்கும் டாக்டரும் இருக்கிற ஆஸ்பத்திரி உங்கள் வழியில் எங்கே என்று கிளம்பும் முன்பே விசாரித்து வையுங்கள். அங்கே நேரத்தைக் கேட்டால் கூட்டியோ குறைத்தோ சொல்லாதீர்கள், யார் மேல் பழி வந்தாலும்.

கடைசியாக ஒன்று. இரவு ஷிஃப்ட் முடிந்த ஆளாக இருந்தாலும் சரி, தட்டி எழுப்புங்கள். தூங்குகிறேன் என்பதை அவர் தன் வாயால் சொல்லட்டும்.