நல்லரத்தினம் அண்ணனின் நாலு பக்கம்

ஒரு காரியத்துக்கு இரண்டு வழி இருந்தால் நல்லரத்தினம் அண்ணன் கஷ்டமான வழியில்தான் போவார். வந்தாறுமூலையில் ஒரு சின்னக் கணினி நிலையத்தில் ஐந்து வருடம் அவரோடு வேலை செய்திருக்கிறேன். அவருடைய நிதானத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு இரத்தக்கொதிப்பு வந்ததுதான் மிச்சம். ஒரே ஒரு தடவை அவரைச் சுலபமான வழிக்கு இழுத்தேன். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் பாதி உயிர் போய்விட்டது.

அவர் சித்தாண்டிக்காரர். வாழைச்சேனைக் காகித ஆலையில் களஞ்சிய எழுதுவினைஞராக இருந்த காலத்திலேயே கணினி பழகியவர். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த கிழமை, பள்ளிக்கூடம் ஒன்றில் வைத்திருந்த முகாமுக்கு உதவி செய்யப் போனார். வாசலில் நாள் முழுக்க ஒரே கேள்விதானாம்: "என்ட புள்ள இஞ்ச இரிக்கா?" எந்த முகாமில் யார் இருக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாது. யாரோ கொடுத்த பழைய கணினியில் நாலு நாள் குந்தியிருந்து ஒரு மென்பொருள் எழுதினார். பெயரைத் தட்டினால், ஆள் எந்த ஊர், எந்த முகாம் என்று காட்டும். அதற்கு 'ஆரெங்க' என்று பெயர் வைத்தார். மற்ற முகாம்கள் கேட்டபோது, உள்ளே இருக்கும் நிரலையும் சேர்த்தே கொடுத்தார். எவரும் சும்மா எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், தங்கள் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். விற்கலாமே என்று புத்தி சொன்னவர்களிடம், "புள்ளயத் தேடி வாறவனுக்கு டிக்கட்டா வெட்டுற?" என்று கேட்டார்.

அந்த முகாமுக்குத்தான் அவள் வந்தாள். கஜானி என்றே எழுதுகிறேன். இன்றைக்கும் ஊர் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது. அப்போது பதினாறு வயது. சண்டைக்கென்று இயக்கம் பிடித்துக்கொண்டு போனவள், அந்த வருடம் சித்திரையில்தான் வீடு திரும்பியிருந்தாள். மார்கழியில் வீடும் தாயும் கடலோடு போயின. திரும்பப் பிடித்துப்போக முகாமிலும் அவளைத் தேடி ஆட்கள் வந்தார்கள், பெயர் சொல்லியே கேட்டார்கள். அண்ணன் பட்டியலில் அவளுக்குக் கஜானி என்று வேறு பெயர் எழுதினார். தொழிலுக்கு வடக்கே போயிருந்த தகப்பன் வந்தால் கண்டுபிடிக்க வேண்டுமே என்று, குறிப்பு எழுதும் இடத்தில் தாய் வைத்த பெயரையும் போட்டு வைத்தார்.

"உன்ட பேர் என்னத் தாண்டிப் போகாது புள்ள" என்று வாக்கும் கொடுத்தார்.

மூன்றாம் கிழமை தகப்பன் வந்து, அந்தக் குறிப்பைப் பார்த்தே அவளைக் கூட்டிப்போனார். அவள் கஜானியாகவே வளர்ந்து, கஜானியாகவே வாழைச்சேனையில் வாழ்க்கைப்பட்டாள். அவளுடைய மற்றப் பெயரையும் பழைய கதையையும் அறிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் நானும் ஒருத்தி. யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகியும் பட்டியல் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நெஞ்சு இடிக்கும். சுற்றிவளைப்புகளில் ஆட்களைக் கொண்டுபோக வாசித்த பட்டியல்களை யாரும் மறக்கவில்லை. கஜானியின் பழைய பெயர் வெளியே வந்தால், கதவைத் தட்டப்போவது யார் என்று எவராலும் சொல்ல முடியாது.

அந்த வருடம் ஆரெங்கவைக் கேட்டு நாலா பக்கமிருந்தும் கடிதம் வந்தது. அண்ணன் ஒவ்வொருவருக்கும் குறுந்தட்டில் பதிந்து தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு இணையத்தளம் போட்டால் அவர்களே எடுத்துக்கொள்வார்களே என்றேன். ஓம் என்றார். எப்படிப் போடுவது என்று யோசிப்பதில் ஒரு மாதம் போனது. நிலையத்துக் கணினி ஒன்றையே ஓட விடலாம் என்றால், கரண்ட் போகும்போது தளமும் போகும். வாடகைக்கு இடம் எடுத்தால் வருடா வருடம் கட்டுவது யார்? கடைசியில் டோஹாவில் வேலை செய்யும் என் தம்பி றுஸ்தி ஒரு சேவையைப் பிடித்துத் தந்தான். இப்படிப் பொதுவுக்குக் கொடுக்கும் மென்பொருள்களுக்கு அங்கே சும்மா இடம் உண்டு. நாங்கள் அனுப்பி முடிந்ததும் தளத்தைத் திறந்து விடுவது அவன் பொறுப்பு.

அதிலும் இரண்டு வழி இருந்தது. பக்கங்களைக் கையால் எழுதி, தனிக் கோப்புறையில் வைத்து, அதை மட்டும் ஏற்றலாம். அல்லது வேலை செய்யும் கோப்புறையை அப்படியே அனுப்பிவிடலாம். தளம் தானாகவே பக்கங்களைக் கட்டிக்கொள்ளும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பும் உலகத்துக்குத் தெரியும்.

அண்ணன் கையால் எழுதத் தொடங்கினார். ஒரு பக்கத்துக்கு இரண்டு கிழமை. எனக்குப் பொறுமை கிடையாது.

"ஒரு தட்டுத் தட்டினா முடியிற வேலைய ஏன் அண்ணன் இப்பிடி இழுக்கிறீங்க? உங்கட வேகத்துக்கு அடுத்த சுனாமியே வந்திரும்."

சொல்லக்கூடாத சொல். அவர் முகம் சுருங்கிப் போனது.

"சரி றஸீனா, உன்ட வழியிலயே போவம்" என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அனுப்பத் தொடங்கினோம். இணைப்பு நத்தை. திரையில் கோப்புறைகளின் பெயர் ஒவ்வொன்றாக வந்து போனது. நான் தேத்தண்ணியும் கையுமாக, வென்றவள் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றேன். உதவி, எழுத்துரு, நிரல். அடுத்து வந்தது: முகாம் 2005.

குறுந்தட்டில் கொடுக்கும்போது அண்ணன் ஒவ்வொரு கோப்பாகப் பொறுக்கி, பொய்ப் பெயர்கள் போட்ட மாதிரிப் பட்டியலைத்தான் வைப்பார். ஆனால் அவர் வேலை செய்யும் கோப்புறையில் அசல் பட்டியல் கிடந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த ஆனையைப் பிடித்துத் தள்ளியவள் நான்.

"அண்ணன், முகாம் போகுது!" என்று கத்திக்கொண்டே சுவரிலிருந்த வயரைப் பிடுங்கினேன்.

போய்விட்டதா, இல்லையா? றுஸ்திக்கு அடித்தால் எடுக்கவில்லை, வேலை நேரம். அண்ணன் கதிரையில் இருந்தவர் இருந்தபடியே இருந்தார். பகல் சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்கவில்லை. நான் எத்தனை தரம் மன்னிப்புக் கேட்டேனோ தெரியாது.

"வாக்குக் குடுத்தது நான். நீ இல்லயே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவள்ட புள்ளைக்கு இப்ப மூணு வயசு" என்றார்.

ஒன்றரை மணிக்குத் தம்பி எடுத்தான்.

"என்ன றாத்தா, இருபது தரம் அடிச்சிரிக்கீங்க? உம்மாக்கு ஏதுமா?"

"உம்மாக்கு ஒண்டுமில்ல. அங்க முகாம் எண்டு ஒரு கோப்புறை கிடக்கா பாரு, சுறுக்கா!"

அவன் தேடும் சத்தம் கேட்டது.

"கிடக்கு."

நான் நிலத்திலேயே குந்திவிட்டேன்.

"ஆனா உள்ளுக்க ஒண்டுமில்ல றாத்தா. வெறும் பேர்தான் வந்திரிக்கு. தளத்த நான் இன்னும் திறக்கவுமில்ல."

"நல்லாப் பாருடா!"

"நல்லாத்தான் பார்த்தன். இந்தா, அழிச்சும் போட்டன்."

அல்ஹம்துலில்லாஹ் என்று எத்தனை தரம் சொன்னேனோ! அண்ணன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். நிமிர்ந்ததும் முதல் வேலையாகச் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்தார். என் பொதியிலும் பாதியை அவரே சாப்பிட்டார்.

பிறகு கையால்தான் எழுதினார். நாலே நாலு பக்கம்: இது என்ன, எப்படி எடுப்பது, எப்படிப் பாவிப்பது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது. கூடவே அவர் பொறுக்கிக் கட்டிய மென்பொருள் பொதி. எல்லாவற்றையும் தனிக் கோப்புறையில் வைத்து, ஒவ்வொரு கோப்பின் பெயரையும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் ஏற்றினார். இந்தத் தடவை நான் அவசரப்படுத்தவில்லை. தளம் திறந்த அன்று அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை; இருக்கக் கூடாதது எதுவும் இல்லை என்ற நிம்மதி.

அதோடு விடுவாரா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை கஜானியிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று நின்றார்.

"ஒண்டும் நடக்கல்லயே அண்ணன், ஏன் போய் அவளப் பயப்புடுத்திற?"

"நடக்கக் கிட்டப் போச்சே."

நானும் போனேன். கஜானியின் கணவன் தனோஜன் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கு முன்பே அவள் அவனிடம் எல்லாம் சொல்லியிருந்தாள். அண்ணன் ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்கக் கேட்க அவள் முகம் வெளிறியது. ஒன்றும் வெளியே போகவில்லை என்ற இடத்துக்கு வந்தபோதுதான் மூச்சு விட்டாள்.

"கணினியில இருந்து அந்த வரிய அழிச்சிற்றன் புள்ள. தாளில மட்டும் ஒண்டு இரிக்கு. உனக்கு முன்னால கிழிக்கத்தான் கொண்டு வந்த" என்று சேர்ட் பையிலிருந்து எடுத்தார் அண்ணன்.

அவள் அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"கிழிக்காதீங்கண்ணன். எங்கட வீட்டுத் தாளெல்லாம் கடலோட போச்சி. அப்பாவும் இப்ப இல்ல. எங்கம்மா வெச்ச பேர எழுதினது வேற எங்க இரிக்கு? கச்சேரிக்குப் போய்ப் பிறப்புப் பத்திரம் கேக்க எனக்கு ஏலுமா?"

தாளை வாங்கி வாசித்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு அதைத் தனோஜனிடம் நீட்டினாள். அவனுக்குத் தெரிந்த பெயர்தான். ஆனாலும் எழுத்தில் அன்றுதான் பார்த்தான். வலையைக் கீழே வைத்தான். எழும்பி ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, தோணிக்குத் தோணி கூப்பிடுகிற குரலில் அந்தப் பெயரைச் சொல்லி, "வந்தவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்து!" என்று கத்தினான்.

அண்ணன் எழும்பியே விட்டார். ரோட்டில் சைக்கிளில் போன பாண்காரன் பிரேக் பிடித்து எட்டிப் பார்த்தான்.

"பாண் வேணுமா?"

"வேணா" என்றான் தனோஜன். பாண்காரன் போய்விட்டான். வேறு யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டில் றேடியோ பாடிக்கொண்டிருந்தது.

கஜானி அவனிடமிருந்து தாளைத் திரும்ப வாங்கி மடித்தாள். பிறகு, "ஓம், ஊத்துறன்" என்று அவனை விடச் சத்தமாகச் சொன்னாள்.