பின்சீட்டில் நார்மல் சார்

வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, பெட்ரோல் டேங்கை விரல் மடக்கித் தட்டி, தட்டிய விரலை முகர்ந்தும் பார்த்துவிட்டு நிமிர்கிறார்.

"நல்லாத்தானே இருக்கு மேடம்!"

மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் விற்கும் கடையில், சர்வீஸுக்கு வரும் வண்டிகளின் குறையைக் கேட்டு எழுதிக்கொள்வது அவர் உத்தியோகம். பன்னிரண்டு வருடமாக எழுதுகிறார். ஒன்றில்கூட ஏறி உட்கார்ந்ததில்லை. வீட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறார்.

நார்மல் சார் என்பது, எந்த வண்டியின் படிவத்திலும் கடைசியில் அவர் எழுதும் சொல்லை வைத்து, எதிரே நிற்கும் தராசுக்காரி வைத்த பெயர். அவள் கடைகடையாகப் போய் எடைமெஷின்களைச் சோதித்துச் சீல் வைப்பவள். ஒரு காலில் பலமில்லை. இரண்டு சக்கரம் சரிப்படாது. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று ஓடும் இந்த வண்டிதான் அவளுக்குக் கால். பிரேக் பிடித்தால் அது வலப்பக்கம் இழுக்கிறது. லாரிகள் வரும் பக்கம். தினமும் காலையில் பின்சீட்டில் மகள் இருப்பாள். பள்ளிக்கூடம் இருப்பதோ சரிவின் அடியில். இது நான்காவது படையெடுப்பு.

முதல் தடவை வண்டியைக் கழுவிக் கொடுத்தார்கள். அடுத்த தடவை டயருக்குக் கறுப்பும் பூசினார்கள். மூன்றாம் தடவை எலுமிச்சை வாசனை வேறு. கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய மாதிரி வந்து நின்ற வண்டி, முதல் சரிவிலேயே லாரியைப் பார்த்துத் திரும்பியது.

பட்டறையைப் பற்றிப் பேசினால் அவர் குரல் இறங்கிவிடும். "உள்ள பாத்துட்டாங்க மேடம்." அந்த 'உள்ள'வுக்குள் வெளியாள் யாரும் போகக் கூடாது. அவரும் போனதாகத் தெரியவில்லை. வாடிக்கையாளர்களுக்கென்று வைத்த தட்டில் கிரீம் பிஸ்கட் மட்டும் மதியத்துக்குள் மாயமாகும். அந்தக் கிரீம் அவர் டையில் தெரியும்.

எழுத்திலும் மனிதர் கெட்டிக்காரர். 'இழுக்குது' என்று அவள் சொன்னால், 'இழுப்பதுபோல் வாடிக்கையாளருக்குத் தோன்றுகிறது' என்று படிவத்தில் ஏறும். அறுந்த கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த தபால்காரருக்கும் அறுந்ததுபோல் தோன்றியதாகத்தான் எழுதினார். அரை கிராம் பிசகைக் கண்டுபிடித்துச் சோறு தின்பவளுக்கு அந்தத் 'தோன்றுகிறது' சுருக்கென்று தைத்தது.

"நீங்களே ஓட்டிப் பாருங்க சார்."

"ஓட்டிப் பாக்கற ஆள் லீவு மேடம்."

"போன வாரமும் லீவு, அதுக்கு முந்தின வாரமும் லீவு. அவர் பொறந்ததே லீவுலயா?"

காத்திருந்த தபால்காரர் சத்தமாகச் சிரித்தார். நார்மல் சாரின் காது சிவந்தது.

"நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி உக்காருங்க. எம் பொண்ணு உக்கார்ற இடந்தான்."

இத்தனை பேர் முன்னால் மறுக்க முடியவில்லை. காட்சிக்கு வைத்திருந்த ஹெல்மெட்டை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மாட்டிக்கொண்டு, படிவ அட்டையை நெஞ்சோடு அணைத்தபடி ஏறினார்.

சரிவின் பாதியில் அவள் பிரேக் பிடித்தாள். வண்டி சொன்னபடி கேட்டது. அதாவது, அவள் நாலு தடவை சொன்னபடி. எதிரே வந்த லாரியின் ஹாரனுக்கு மேலாக, "ஐயோ அம்மா!" என்று ஒரு குரல். அவள் முழுப் பலத்தோடு கைப்பிடியைத் திருப்பி, ஓரங்கட்டி நிறுத்தினாள். தன் தோள்பையை நெரித்துக்கொண்டிருந்த பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

"இப்ப எழுதுங்க சார்."

இறங்கி, நடுவில் சிக்கியிருந்த படிவ அட்டையை உருவிப் பேனாவை எடுத்தார். எழுத்துக்கள் பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் வரிசையாக வந்து விழுந்தன: 'ஓட்டிப் பார்க்கப்பட்டது. நார்மல்.'

அவள் படித்தாள். மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"சரி. ஏறுங்க, கடையில விட்டுடறேன்."

"இல்ல மேடம்... நீங்க போங்க. நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

மேட்டில் ஏற ஆரம்பித்தார். நடைபாதையில், சுவரை உரசிக்கொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல்.