கரையிலிருந்து எவ்வளவு தூரம்

கடலில் கண்ட பறவையை எந்த ஊர்ப் பட்டியலில் சேர்ப்பது என்பதற்கு ஒரு விதி உண்டு. எந்தக் கரை கிட்டவோ, பறவை அந்தக் கரைக்கு உரியது. பறவையிடம் யாரும் கேட்பதில்லை. கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு இந்த விதி பிடித்துப்போனதில் வியப்பில்லை.

எண்பதுகளின் நடுவில், தெல்லிப்பழையில் ஓய்வூதியத்தோடு இருந்த நானும் நல்லூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் வடபகுதிக் கடற்பறவைகளுக்குப் பட்டியல் வைத்திருந்தோம். வடகரை மீனவர் ஒருவர் தமது வள்ளத்தில் எங்களை ஏற்றிப் போவார். போர் தொடங்கியிருந்த காலம்; கடலுக்குப் போகப் படையினர் தரும் பாஸ் வேண்டும். எவ்வளவு தூரம் போகலாம் என்பதும் அதிலேயே இருக்கும்.

ஒரு காலை மீன் அகப்படவில்லை. அவர் பாஸில் இருந்த எல்லையைத் தாண்டி வெகுதூரம் ஓட்டினார். அங்கேதான் எங்கள் பட்டியலில் அதுவரை இல்லாத கருமுதுகு ஆலா ஒன்று தலைக்கு மேலாகப் போனது. ஆசிரியர் உடனே திசையையும் தூரத்தையும் குறித்தார். அவை இல்லாத பதிவைக் கொழும்பில் பட்டியல் தொகுப்பவர்கள் ஏற்கமாட்டார்கள்.

தபால்கள் பிரித்துப் படிக்கப்பட்ட காலம் அது. பாஸ் பறிபோனால் மீனவர் வீட்டில் அடுப்பெரியாது. கரை இறங்கியதும் அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஐயா, குருவியைக் கொழும்புக்கு அனுப்புங்கோ. என்ரை வள்ளத்தை அனுப்பிப் போடாதேங்கோ."

தூரத்தைக் குறைத்து எழுதலாம் என்றேன். பொய்ப் பதிவுக்கு ஆசிரியர் உடன்படவில்லை. அப்படியானால் பறவையையே விட்டுவிடுவோம் என்றேன்.

"ஐசே, கண்டதைக் காணேல்லை எண்டு விடுறதும் பொய்தான்."

வள்ளத்தின் பெயரை எழுதாமல் விட்டது மட்டும் அவர் காட்டிய இரக்கம். பறவை பார்க்கும் கிழவர்களை ஏற்றுகிற வள்ளம் அந்தக் கரையில் ஒன்றுதான்; பெயர் யாருக்கு வேண்டும்?

ஆலாவை ஏற்றுக்கொண்டதாகக் கொழும்பிலிருந்து பதில் வந்தது. உறையை யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள்.

அடுத்த மாதமே அந்தக் கரை முழுவதற்கும் மீன்பிடியைத் தடை செய்தார்கள். மீனவர் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார். இது பொது உத்தரவு, தனி ஒருவர் மேல் எடுத்த நடவடிக்கை அல்ல என்றேன். இத்தகைய உத்தரவை யார் எழுதுவார், யார் கையொப்பமிடுவார் என்பதையும் ஒழுங்காக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"உந்தக் கடதாசி போகாட்டியும் மறிச்சிருப்பாங்களோ?"

ஓம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எந்தத் துண்டுக் கடதாசி எந்தக் கோப்புக்குள் நுழைந்து என்ன உத்தரவாக வெளியே வரும் என்பதை நான் அறியாதவனா? இது பொது உத்தரவு என்று மறுபடியும் தொடங்கினேன். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.